இருமுறை எரிந்த நூலகம்

பெல்ஜியம் நாட்டின் தலைநகராகிய பிரசல்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், டெய்லே என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்துள்ளது லூவன் நகர். பிரெஞ்சு மொழியினர் இதனை லூவேன் என்பர். நம் நாட்டுக் குருக்களும் துறவியரும் பல தலைமுறைகளாக இறையியலும் மெய்யியலும் பயிலச் சென்றுவரும் ஊர் என்பதால், இதன் பெயர் நம் மறைமாவட்டங்களில் பலருக்கும் பழக்கமானதே. படிப்பின் பொருட்டு இங்கே சில ஆண்டுகளாகத் தங்கியிருக்கும் நமக்கோ, இது நாள்தோறும் அவசரமாகக் கடந்துபோகும் தெருக்களின் தொகுப்பாக மட்டுமே இருந்தது. பழகிய கண்ணுக்குப் பலவும் தெரிவதில்லை. 2025ஆம் ஆண்டு கோடையில் ஒரு நண்பர் வந்து நம்மோடு இரண்டு நாள் தங்கினார். அப்போதுதான் இந்நகரை நாம் முதன்முறையாகப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும்.

நண்பர் யாழ்ப்பாணத்தார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பாரிசில் மகள் வீட்டுக்கு வந்திருந்தவர், தொடர்வண்டி ஏறி நம்மைக் காண வந்தார். ஊரைச் சுற்றிப் பார்க்கப் பேருந்தில் போவதா, நடந்து போவதா என்று வினவினோம். வீட்டு முகப்பில் சாத்தியிருந்த மிதிவண்டிகளை அவர் கூர்ந்து பார்த்தார். "எங்கட ஊரிலை சைக்கிள் ஓடாத ஆள் ஆர்? எனக்கும் ஒண்டு எடுத்துத் தாருங்கோ" என்றார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் வராமற்போக, குடாநாடே மிதிவண்டியில் இயங்கியதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும், மணமகளைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றதும், வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்ததும் அதே இரு சக்கரங்களின் மேல்தான். ஆகவே வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தோம். பின்னோக்கி மிதித்தால் நின்றுவிடும் இந்நாட்டு வண்டி முதல் திருப்பத்தில் அவரைக் கீழே தள்ளப் பார்த்தது. அடுத்த திருப்பத்தில் அவர் அதனைப் பழக்கிவிட்டார்.

தறி ஓய்ந்த ஊரில் கல்விச்சாலை

தொடர்வண்டி நிலையத்திலிருந்து நேரே நகர நடுவுக்குச் செல்லும் அகன்ற சாலையில் புறப்பட்டோம். இருபுறமும் நெடிய வீடுகள். அவற்றின் முகப்புகள் பழமைக் கோலம் பூண்டிருப்பினும், பெரும்பாலானவை முதல் உலகப் போருக்குப் பின் எழுந்தவை. சில வீடுகளில் 1914 என்னும் ஆண்டும், அதனருகே வாளும் தீப்பந்தமும் பொறித்த சிறு கல்லும் பதிக்கப்பட்டுள்ளன. நண்பர் வண்டியை நிறுத்தி அதனை உற்று நோக்கினார். "பின்னர் சொல்கிறோம், வாருங்கள்" என்று அழைத்துச் சென்றோம்.

சாலை முடியுமிடத்தில் பெருஞ்சதுக்கம். ஒருபுறம் 1469ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட நகர மன்றம். கல்லில் நெய்த பின்னல் வேலை போன்ற கட்டடம். அதன் சுவர்மாடங்களில் நிற்கும் 236 சிலைகள் 19ஆம் நூற்றாண்டில் வைக்கப்பட்டவை. எதிரே புனித பேதுருவின் ஆலயம். அதன் முகப்பில் மூன்று உயர்ந்த கோபுரங்கள் எழுப்பத் திட்டமிட்டு, அவற்றின் மாதிரியையும் 16ஆம் நூற்றாண்டில் கல்லிலேயே செதுக்கி வைத்தனர். ஆனால் அடிநிலம் அவ்வளவு பாரத்தைத் தாங்கவில்லை; கோபுரங்கள் முற்றுப்பெறவேயில்லை. இன்றும் முகப்பு மொட்டையாகவே நிற்கிறது.

ஆலயத்தினுள் தீரிக் பௌட்ஸ் என்னும் ஓவியர் 1464 முதல் 1468 வரை தீட்டிய இறுதி இராவுணவு ஓவியம் உள்ளது. இங்கிருந்த நற்கருணைச் சபையார் கேட்டு வரையச் செய்தது இது. ஓவியர் திருமறைப் பொருளில் பிழை செய்துவிடாதபடி வழிகாட்டப் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர் இருவரை அமர்த்தியிருந்தனர். இயேசு எளிய பிளெமியப் பெருங்கூடம் ஒன்றில் சீடர்களோடு அமர்ந்து அப்பத்தின்மேல் ஆசி கூறுகிறார்; பணிவிடைக்காரர் அருகே நிற்கின்றனர். இதன் பக்கப் பலகைகள் 19ஆம் நூற்றாண்டில் விற்கப்பட்டு ஜெர்மனியின் அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. வெர்சாய் உடன்படிக்கையின்படி அவை திரும்பி வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது மறுபடியும் கொண்டு செல்லப்பட்டன. போர் முடிந்ததும் மறுபடியும் வந்து சேர்ந்தன. இன்று எல்லாம் ஒரே சட்டத்தில் இணைந்திருக்கின்றன. "கதவுகள் போய்வந்து கொண்டிருந்தாலும் நடுவில் அப்பம் பிட்கிறவர் அசையவில்லை" என்றார் நண்பர்.

லூவன் ஒரு காலத்தில் துணி நெசவால் வாழ்ந்த ஊர். 14ஆம் நூற்றாண்டில் அத்தொழில் நலிந்தது. வேறெதனால் இந்நகரைத் தழைக்கச் செய்வது என்று எண்ணிய நகரத்தாரும், ஆலயக் குருக்கள் குழுவினரும், பிரபாந்துக் கோமகன் நான்காம் யோவானும் திருத்தந்தையிடம் ஒரு பல்கலைக்கழகம் வேண்டினர். 1425ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அதற்கான ஆணையை வழங்கினார். நெசவாளர்கள் துணி விற்ற மண்டபமே பின்னர் பல்கலைக்கழக மண்டபமாயிற்று. 1317இல் எழுந்த அந்தத் துணி மண்டபத்தின் கீழ்ப்பகுதி நாமூர்த் தெருவில் இன்றும் நிற்கிறது. நூல் நெய்த ஊர் நூல் கற்ற ஊரானது என்று தமிழில் எளிதாகச் சொல்லிவிடலாம். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே!

மும்மொழிக் கல்லூரி

ஆலயத்தின் பின்புறமாக மீன் சந்தை என வழங்கும் சிறு சதுக்கத்துக்குச் சென்றோம். மீன்கள் போய் நெடுநாளாயின. இங்கேதான் 1517இல் ஜெரோம் பூஸ்லைடன் என்னும் குருவின் மரண சாசனத்தால் மும்மொழிக் கல்லூரி தோன்றியது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மூன்றையும் கட்டணமின்றிக் கற்பிப்பது அதன் நோக்கம். அதனை உருவாக்க அயராது உழைத்தவர் எராஸ்மஸ். அவர் 1517 முதல் 1521 வரை இந்நகரில் வாழ்ந்தார். மறைநூலை அதன் மூலமொழிகளிலேயே படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இறையியலார் பலர் அதனை ஐயத்தோடு நோக்கினர். மொழியறிவு வளர்ந்தால் விசுவாசம் தளரும் என்று அஞ்சினர். இன்று நம் குருமடங்களில் எபிரேயமும் கிரேக்கமும் பாடமாக இருப்பதை எண்ணினால், யாருடைய அச்சம் தேவையற்றது என்பது விளங்கும்.

எராஸ்மசின் நண்பரும் பின்னாளில் புனிதருமான தாமஸ் மூர் எழுதிய 'உட்டோப்பியா' முதன்முதலாக 1516இல் அச்சேறியதும் இந்நகரில்தான். உலகப் படத்தை வரைந்த மெர்க்காத்தோர், மனித உடலின் அமைப்பை ஆராய்ந்த வெசாலியுஸ் ஆகியோரும் இங்கே பயின்றவர்களே.

நாமூர்த் தெருவில் சற்றே ஏற்றம். நண்பர் நம்மை முந்திச் சென்றுவிட்டார். இயேசு சபையார் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புனித மிக்கேல் ஆலயத்தின் முன் மூச்சு வாங்கிக்கொண்டோம். அதற்கும் முன்பு, 1570 முதல் 1576 வரை, புனித இராபர்ட் பெல்லார்மின் இந்நகரிலே மறையுரை ஆற்றியும் இறையியல் கற்பித்தும் வந்தார். சற்று அப்பால் திருத்தந்தைக் கல்லூரி. உத்ரெக்ட் நகரத் தச்சரின் மகனாகப் பிறந்து, லூவனில் மாணவராகவும் பேராசிரியராகவும் விளங்கி, 1522இல் ஆறாம் ஆதிரியான் எனத் திருத்தந்தையானவர் தம் சொத்தைக் கொடுத்து ஏழை மாணவருக்காக ஏற்படுத்திய விடுதி அது. திருச்சபையின் சீர்கேடுகளுக்கு உரோமையே பொறுப்பு என வெளிப்படையாக ஒப்புக்கொண்ட திருத்தந்தை அவர். அவருடைய பணிக்காலம் இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை.

நாடிழந்தோரும் நாடிச் சென்றவரும்

தெருவை விட்டு மேற்கே இறங்கினோம். புனித அந்தோனியார் பெயரால் 1607இல் அயர்லாந்து நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவியர் நிறுவிய கல்லூரி அங்குள்ளது. தாயகத்தில் கத்தோலிக்க மறைக்குத் தடை, மொழிக்கும் தாழ்வு. அத்துறவியர் இங்கிருந்துகொண்டு ஐரிஷ் மொழியில் மறைக்கல்வி நூல்களை எழுதி, அம்மொழிக்கென எழுத்து வார்த்து அச்சிட்டுத் தாயகத்துக்கு அனுப்பினர். தம் நாட்டின் பழஞ்சுவடிகளைப் படியெடுத்து வரவும் ஆளனுப்பினர். நாட்டை இழந்தவர்கள் மொழியை இழக்கவில்லை. இதற்கெல்லாம் முன்பே, 1578இல், ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார் என்பதை நண்பருக்கு நினைவூட்டினோம். மறைக்கல்வியே ஒரு மொழியை அச்சுக்கு அழைத்து வந்த கதை நமக்கும் உண்டு.

அருகிலுள்ள சிற்றாலயத்தின் நிலவறையில் புனித தமியான் அடிகளார் துயில்கிறார். லூவனுக்கு வடக்கே திரமெலோ என்னும் சிற்றூரில் 1840இல் பிறந்தவர். 1859இல் லூவனில் திரு இருதயங்களின் சபையில் சேர்ந்தார். ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்திருந்த மொலோக்காய்க்கு 1873இல் சென்று, அவர்களுள் ஒருவராய் வாழ்ந்து, அந்நோயாலேயே 1889 ஏப்ரல் 15ஆம் நாள் இறந்தார். 1936இல் அவருடைய உடல் தாயகம் கொண்டுவரப்பட்டது. தங்கள் தந்தையை இழந்த மொலோக்காய் மக்களின் ஏக்கம் தீர, 1995இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது அவருடைய வலக்கை அவர்களிடம் திருப்பி அளிக்கப்பட்டது. 2009இல் அவர் புனிதரானார். குளிர்ந்த அந்நிலவறையில் எங்களைத் தவிர ஒரு மூதாட்டி மட்டுமே இருந்தார். நண்பர் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். வெளியே வந்ததும், "எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேணும் எண்டு அவையளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று மெல்லச் சொன்னார். அச்சொல்லின் பொருள் மாலையில்தான் நமக்கு விளங்கியது.

ஆற்றின் கிளைகள் ஊடறுக்கும் பெருமனையில் நண்பகலைக் கழித்தோம். பெகின்கள் எனப்பட்ட பெண்கள் வாழ்ந்த குடியிருப்பு இது. 13ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இன்றுள்ள செங்கல் வீடுகளில் பெரும்பாலானவை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பெகின்கள் கன்னியர் மடத்தாரும் அல்லர், இல்லறத்தாரும் அல்லர். நிரந்தர வார்த்தைப்பாடு இல்லை, விரும்பினால் வெளியேறலாம். தம் கையால் உழைத்துத் தம் வீட்டில் வாழ்ந்து ஒரே ஆலயத்தில் கூடிச் செபித்தனர். இடிந்துகொண்டிருந்த இக்குடியிருப்பைப் பல்கலைக்கழகம் 1962இல் வாங்கிப் புதுப்பித்து, மாணவருக்கும் விருந்தினருக்கும் வீடாக்கியது. உருண்டைக் கற்கள் பதித்த சந்துகளில் வண்டி ஓட்டினால் எலும்பெல்லாம் குலுங்கும். இறங்கி உருட்டிக்கொண்டே நடந்தோம்.

ஆகஸ்டு இரவு

மாலையில், நண்பர் காலை முதல் கேட்டுக்கொண்டிருந்த கதைக்கு வந்தோம். பல்கலைக்கழக நூலகம் முன்பு அந்தத் துணி மண்டபத்தின் மாடியில் இருந்தது. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தினுள் நுழைந்து லூவனைக் கைப்பற்றியது. ஆகஸ்டு 25 இரவு எங்கோ துப்பாக்கிச் சத்தம் கேட்டது. நகர மக்களே சுட்டனர் என்று படையினர் பழி சுமத்தி, வீடுகளுக்குத் தீயிட்டனர். நூலகத்தையும் கொளுத்தினர். ஏறத்தாழ மூன்று இலட்சம் நூல்கள், பல நூறு கையெழுத்துச் சுவடிகள், அச்சுக்கலையின் முதல் அரை நூற்றாண்டைச் சேர்ந்த அரிய பதிப்புகள் யாவும் சாம்பலாயின. கொல்லப்பட்ட நகர மக்கள் 248 பேர். ஏறத்தாழ 1,500 பேர் ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. காலையில் நாங்கள் கண்ட வாளும் தீப்பந்தமும் அந்த வீடுகளின் அடையாளமே.

துப்பியேரு என்னும் இளம் இயேசு சபைத் துறவி, நடந்ததைத் தம் குறிப்பேட்டில் எழுதினார். அலெக்சாந்திரியா நூலகம் எரிந்த பழங்கதையோடு இதனை ஒப்பிட்டிருந்தார். மறுநாள் படையினர் அவரைச் சோதனையிட்டபோது அத்தாள் அகப்பட்டது. அதற்காகவே அவரைச் சுட்டுக் கொன்றனர்.

இதைச் சொன்னதும் நண்பர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "எங்கட தாவீது அடிகளாரை உங்களுக்குத் தெரியுந்தானே?" என்றார். தெரியும். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்டார். அந்த அதிர்ச்சியிலேயே அவர் உயிர் பிரிந்தது. ஒரு நூலகம் எரிந்தபோது, எழுதியதற்காக ஒரு துறவி கொல்லப்பட்டார். மற்றொரு நூலகம் எரிந்தபோது, பார்த்ததனால் ஒரு குரு இறந்தார். இடையே 67 ஆண்டுகள்.

எழுதாமல் விட்ட வரி

போரில் எரிந்த நூலகத்துக்காக உலகின் பல நாடுகள் கை கொடுத்தன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகம், போர் நடந்துகொண்டிருக்கும்போதே நூல் சேர்க்கத் தொடங்கியது. ஈடாக நூல்களை அளிக்க ஜெர்மனியும் வெர்சாய் உடன்படிக்கையால் கடமைப்பட்டது. அமெரிக்க மக்கள் புதிய கட்டடத்துக்கு நன்கொடை திரட்டினர். பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் காசைச் சேர்த்தனர். கொடுத்த கல்வி நிலையங்களின் பெயர்கள் சுவர்க் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. 1921 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1928 ஜூலை 4ஆம் நாள் திறப்பு விழா நடந்தது. நாங்கள் அதன் முன் நின்றபோது கோபுரத்து மணிகள் இசைத்துக்கொண்டிருந்தன. முதலில் அங்கே வைத்த மணிகள், போரில் மாண்ட தோழர்களின் நினைவாக அமெரிக்கப் பொறியாளர்கள் அளித்தவை.

திறப்பு விழாவுக்கு முன் ஒரு பெரும் பூசல் எழுந்தது. கட்டடக் கலைஞர் விட்னி வாரன், ஜெர்மானியச் சீற்றத்தால் அழிந்தது என்றும் அமெரிக்கக் கொடையால் மீண்டது என்றும் பொருள்படும் இலத்தீன் வரியை முகப்பின் கைப்பிடிச் சுவரில் பெரிதாகப் பொறிக்க விரும்பினார். கர்தினால் மெர்சியே உயிரோடிருந்தபோது அதற்கு இசைந்திருந்தார் என்பது அவர் வாதம். 1914 கிறிஸ்துமசின்போது ஆக்கிரமிப்பை எதிர்த்துத் துணிவோடு சுற்றுமடல் விடுத்த மேய்ப்பர் மெர்சியே; அவர் 1926இல் காலமானார். பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த லாதெஸ் ஆண்டகை அவ்வரி வேண்டாம் என்றார். கல்வி நிலையம் எல்லா நாட்டு மாணவருக்கும் உரியது. பகையைக் கல்லில் எழுதி வாசலில் நிறுத்தலாகாது என்பது அவர் நிலை. ஊரார் பலர் அவரை ஏசினர். உணர்ச்சி வசப்பட்ட கட்டடத் தொழிலாளி ஒருவர், எழுத்தில்லாமல் வைத்த கைப்பிடிச் சுவரை உடைத்தும் போட்டார். எனினும் அவ்வரி பொறிக்கப்படவேயில்லை.

நண்பருக்கு இது உடன்பாடில்லை. "செய்தவன் பேரை மறைச்சால், செத்தவன்ரை பேரும் மறைஞ்சு போகும்" என்றார். நாம் மறுத்துரைத்தோம். மறைப்பது வேறு, வாசலில் எழுதுவது வேறு. வரலாற்று நூல்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவே என்றோம். "வாசல்லை எழுதினால் பிள்ளைகள் கேட்பினம். உள்ளுக்கை வைச்சால் ஆர் தேடுவினம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு உடனே மறுமொழி கூற நம்மால் இயலவில்லை. எரிக்கப்பட்ட ஊரில் பிறந்தவரிடம் பெருந்தன்மையைப் பற்றிப் பேச, எரிக்கப்படாத ஊரில் பிறந்தவருக்கு எவ்வளவு உரிமை உண்டு?

பகையை எழுதாமல் விட்டதனால் பகை தீர்ந்துவிடவும் இல்லை. 1940 மே 16ஆம் நாள் இரவு, மீண்டும் போரின் நடுவே, இந்தப் புதிய நூலகமும் எரிந்தது. இம்முறை அழிந்தவை ஏறத்தாழ ஒன்பது இலட்சம் நூல்கள். சுவர்களும் கோபுரமும் நின்றன. போர் முடிந்ததும் பழைய வரைபடத்தின்படியே மீண்டும் கட்டினர். மறுபடியும் நூல் சேர்த்தனர்.

நம் கையாலேயே

இரண்டு முறை அந்நியர் எரித்ததைச் சொன்னவர்கள், மூன்றாம் முறை நடந்ததையும் சொல்லியாக வேண்டும். இந்நிலம் பிளெமிய மொழியாரின் நிலம். ஆயினும் நெடுங்காலம் இங்கே உயர்கல்வியின் மொழி பிரெஞ்சாகவே இருந்தது. உழவரின் மொழி வகுப்பறைக்குத் தகுதியற்றது என்று கருதப்பட்டது. 1930களில் இரு மொழிகளிலும் முழுமையாகப் பாடங்கள் நடைபெறத் தொடங்கின. எனினும் மனக்காயம் ஆறவில்லை. பிரெஞ்சுப் பிரிவு இடம்பெயர வேண்டும் என்ற கிளர்ச்சி ஓங்கியது. 1966 மே மாதத்தில் ஆயர்கள், பல்கலைக்கழகம் பிரிக்கப்படாது என்று கண்டிப்பான ஆணையாக அறிவித்தனர். கலந்து பேசாமல் கட்டளையிட்டது நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. 1968இல் அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. பிரெஞ்சு மொழியினருக்காக வயல்வெளியில் 'புதிய லூவேன்' என்னும் ஒரு நகரையே கட்டினர்.

நூலகத்தை எப்படிப் பிரித்தனர்? அடுக்கு எண் ஒற்றைப்படையாயின் இங்கே, இரட்டைப்படையாயின் அங்கே! ஒரே வரிசையில் அருகருகே நின்ற நூல்கள் இரண்டு ஊர்களுக்குப் போயின. இரண்டு போர்களைக் கண்ட பின், உலகமே இரங்கிக் கொடுத்த நூல்களை, ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள் ஒரே கட்டடத்தில் நின்று இப்படிப் பங்கிட்டுக்கொண்டனர். பிளெமிய மாணவரின் மொழியுரிமைக் கோரிக்கை நியாயமானதே; தாய்மொழிக்காகக் குரல் கொடுத்த மரபில் வந்த நாம் அதை மறுக்க முடியாது. ஆனால் நியாயமான கோரிக்கையும், அதைக் காலத்தில் கேட்க மறுத்த அதிகாரமும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை அந்த ஒற்றைப்படை எண்கள் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன. விண்வெளி விரிவடைகிறது என்று கணித்துக் காட்டிய குருவானவர் ஜார்ஜ் லெமேத்ர் இப்பிரிவினையைத் தடுக்க முயன்றவர்களுள் ஒருவர். அவர் 1966இல் இந்நகரிலேயே இறந்தார், பிரிவைக் காணவில்லை.

இன்று இரு பல்கலைக்கழகங்களும் நட்போடு இருக்கின்றன. 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அறுநூறாம் ஆண்டு விழாவின் பொருட்டு வந்தபோது, ஒருநாள் இங்கும் மறுநாள் அங்குமாக இரண்டையும் கண்டு சென்றார்.

திரும்பி வந்த நூல்

கோடையில் இங்கே கதிரவன் மறைய இரவு பத்து மணியாகும். நூலகப் படிக்கட்டில் அமர்ந்திருந்தோம். மாணவர்கள் வண்டிகளைச் சாத்திவிட்டு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தனர். நண்பர் தாமாகவே பேசத் தொடங்கினார்.

1981 மே மாதக் கடைசி வாரத்தில், இருபது வயது மாணவராயிருந்த அவர், யாழ்ப்பாண நூலகத்தில் ஓர் இலக்கண நூலை இரவல் பெற்றிருந்தார். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் நூலகமே இல்லாமற் போயிற்று. நூல் மட்டும் அவர் வீட்டு மேசையில் இருந்தது. 1995இல் யாழ்ப்பாணத்தாரெல்லாம் ஊரை விட்டு வெளியேறியபோது, அரிசிப் பைக்கும் துணி மூட்டைக்கும் இடையே அதையும் மிதிவண்டியில் கட்டிக்கொண்டு போனார். நூலகம் மீண்டும் கட்டப்பட்டு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அவர் ஒருமுறைகூட உள்ளே போகவில்லை; நூலைத் திருப்பித் தரவும் இல்லை. "வெள்ளை அடிச்சிட்டினம். எரிஞ்ச அடையாளமே இல்லை. கொண்டுபோய் வைச்சால் திரும்பவும் எரிப்பினம் எண்டு நினைச்சன். என்னட்டை இருந்தால் ஒண்டாவது மிஞ்சும்" என்றார்.

நாங்கள் அமர்ந்திருந்த கட்டடம் அப்படித்தான் மறுபடியும் எரிந்தது. ஆகவே அவருடைய அச்சத்தைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றே இருந்தது: 1928இல் இங்கே நூல் கொடுத்தவர்களுக்கு இது மீண்டும் எரியாது என்று யாரும் உறுதியளிக்கவில்லை, 1940க்குப் பின் கொடுத்தவர்களுக்கோ எரியக்கூடும் என்பது நன்றாகவே தெரியும், தெரிந்தே கொடுத்தனர். அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டிகளை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

அவ்வாண்டு திருவருகைக் காலத்தில் அவரிடமிருந்து மடல் வந்தது. ஊர் திரும்பியதும் ஒருநாள் காலை, மிதிவண்டியின் பின்னிருக்கையில் அந்நூலைக் கட்டிக்கொண்டு நூலகத்துக்குச் சென்றிருக்கிறார். பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்து அந்நூலகம் உருவாகப் பாடுபட்ட லோங் அடிகளாரை மனத்தில் நினைத்துக்கொண்டு படியேறினாராம். மேசையில் இருந்த இளம்பெண், தீ வைத்த இரவுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவள். நூலைப் புரட்டிப் பழைய முத்திரையைக் கண்டு திகைத்தாள். பின்பு நன்கொடைப் பதிவேட்டைத் திறந்து, "ஐயா, உங்கடை பேரைச் சொல்லுங்கோ" என்றாள். "நன்கொடை இல்லைப் பிள்ளை. இரவல் வாங்கினது. திருப்பித் தாறன்" என்று சொல்லி, உட்கார்ந்து அவளுக்கு அந்த இரவின் கதையை முழுதும் சொன்னாராம்.

வாசலில் எழுதுவதா, உள்ளே வைப்பதா என்று அன்று எங்களுக்குள் எழுந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் உள்ளே வைத்ததையும் ஒரு பிள்ளை கேட்டறிய வழியுண்டு என்பதை அவர் மடல் காட்டியது. அவர் கடைசியாக எழுதியிருந்தது இது: நூலைக் கொடுத்த கையோடு உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்து, வேறொரு நூலை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாராம். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.